அமோனியா பூஜ்யம்

எங்கள் வீட்டுக்குள் மீன் நுழைந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் உயிரோடு, தன் தண்ணீரோடு, தன் விளக்கோடு, இரண்டு பேர் தூக்கிவர, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நுழைந்தது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவர்கள். அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. மாற்றலில் கல்கத்தா வந்து, பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தோம். மாடிப்படி நெடுகக் கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அம்மா காலையிலும் மாலையிலும் சாம்பிராணி போட்டு அதோடு போர் நடத்திக்கொண்டிருந்தாள். அப்பேர்ப்பட்டவள் கூடத்து ஜன்னலுக்குக் கீழே இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டியை வைக்கச் சம்மதித்தாள் என்றால், கேட்டது மேல்மாடி காக்கிமா என்பதுதான் காரணம்.

காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா, காக்கிமா என்றால் சித்தி. மேல்மாடியில் இருந்த அந்த இருவரையும் நான் அப்படித்தான் கூப்பிட்டேன். இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் இல்லை. காக்கு எதற்கும் சிரிப்பார். காக்கிமா எதற்கும் சிரிக்கமாட்டார். அந்தக் கார்த்திகையில் அவர்கள் வேலூருக்குக் கிளம்பினார்கள். 'செக்கப்' என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்த வீட்டிலிருந்த எல்லோருக்கும் தமிழர்கள் என்றால் வேலூர்க்காரர்கள்தான். வேலூரை அம்மா வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. அப்பா தன் பங்குக்கு ஒரு தாளில் 'வெந்நீர் கிடைக்குமா', 'ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போக வேண்டும்' என்றெல்லாம் தமிழில் எழுதி, யாரிடமாவது நீட்டினால் போதும் என்று காக்குவிடம் கொடுத்தார்.

மீன்களை எங்களிடம் விட்டுப் போவதற்குக் காக்கிமா சொன்ன காரணம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இந்தக் கட்டடத்திலேயே மீனைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறாத குடும்பம் எங்களுடையது ஒன்றுதானாம். அப்பா அதை மொழிபெயர்த்ததும் அம்மாவுக்கு ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி பெருமை தாங்கவில்லை.

தொட்டியில் பன்னிரண்டு நியான் மீன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உடம்பில் நீலக் கோடு, வால் பக்கம் சிவப்பு. அடியில் மூன்று பழுப்பு நத்தைகள். நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு முக்கோணமாக, கறுப்பாக, ஒரே ஒரு ஏஞ்சல் மீன். அதன் பெயர் பொரோபாபு. காக்கிமாவின் அலுவலகத்துத் தலைமை எழுத்தரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவரும் இப்படியேதான் ஒரு வேலையும் செய்யாமல் நடுவில் மிதந்துகொண்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஆறு வருடமாகக் காக்கிமா வளர்த்த மீன் அது.

தொட்டியோடு ஒரு அட்டைப் பெட்டியும் வந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு கண். சின்னச் சின்னப் புட்டிகள், இரண்டு கண்ணாடிக் குழாய்கள், வண்ணக் கட்டங்கள் அச்சடித்த ஓர் அட்டை. மீன்கள் தாங்கள் இருக்கிற தண்ணீரிலேயே கழிவையும் விடுகின்றன, அது அமோனியாவாகிறது, அமோனியா விஷம், தொட்டிக் கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் உட்கார்ந்து அதைத் தின்று தீர்க்கின்றன. அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று தினமும் பார்க்க வேண்டும். குழாயில் வெள்ளைக் கோடு வரை தொட்டித் தண்ணீர் எடுத்து, புட்டி மருந்தை எண்ணி எட்டுச் சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் அமோனியா பூஜ்யம். பச்சை தட்டினால் ஆபத்து. இதே மாதிரி நைட்ரைட்டுக்கு ஒன்று, பிஹெச்சுக்கு ஒன்று. எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் மெழுகுவர்த்தியைக் கூடத் தொட விடமாட்டார்கள். என் கையில் நிஜ மருந்து, நிஜக் குழாய்!

எண்களை எழுத ஒரு நீல நோட்டு. ஆறு வருடமும் அதில் இருந்தது. ஒரு நாளுக்கு ஒரு வரி, தேதியும் மூன்று எண்களும். அடித்தல் திருத்தல் எங்கேயும் கிடையாது. அதை என் கையில் கொடுக்கும்போது காக்கிமா சொன்னது இரண்டே விஷயம்தான். பேனாவால் எழுத வேண்டும். கண் பார்த்ததை எழுத வேண்டும், பார்க்க ஆசைப்பட்டதை எழுதக்கூடாது.

சாந்த்ராகாச்சியில் அவர்களை ரயிலேற்றிவிட நானும் அப்பா அம்மாவோடு போனேன். காக்கிமாவின் முகம் பளபளவென்று உப்பியிருந்தது. காலில் செருப்பு நுழையாமல் குதிகால் வெளியே நின்றது. காக்கிமா நன்றாகக் குண்டாகிவிட்டார் என்று நான் சந்தோஷமாகச் சொல்ல, அம்மா என் தொடையில் கிள்ளினாள். ரயில் நகரும் நேரத்தில் காக்கிமா ஜன்னல் கம்பி வழியாக என்னைக் கூப்பிட்டார். வங்காளத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"அதுங்களை நல்லபடியா வச்சிரு. அதுங்க இருந்தாத்தான் நான் திரும்பி வருவேன்."

பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்காத மனுஷி சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. மீன் செத்தால் காக்கிமா வரமாட்டார். ரயில் போன பிறகும் அது என் வயிற்றுக்குள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

முதல் வாரம் எல்லாம் பிரமாதமாகப் போயிற்று. பள்ளியிலிருந்து வந்ததும் கை கழுவி, குழாய்களை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவேன். பிஹெச் ஏழு புள்ளி நான்கு, அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். சரியாக ஏழு மணிக்கு அப்பாவின் செல்போனில் காக்கு கூப்பிடுவார். அப்பாவின் தமிழ்த் தாளுக்கு அங்கே வேலையே இல்லையாம். லாட்ஜ்காரர், மருந்துக் கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோரும் வங்காளம் பேசுகிறார்களாம், மீன் குழம்பும் சோறும்கூடக் கிடைக்கிறதாம். அப்பாவுக்கு ஒரே ஏமாற்றம். பிறகு நான் நோட்டைப் பார்த்து எண்களை வாசிப்பேன். காக்கு ஒவ்வொரு எண்ணையும் திருப்பி உரக்கச் சொல்வார். பின்னாலிருந்து காக்கிமாவின் குரல், 'சரி' என்கிற அர்த்தத்தில், "ஆச்சா" என்று கேட்கும். காக்கு எங்கோ எழுதிக்கொள்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் தண்ணீர் மாற்ற வேண்டும். கால் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் அதை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, பிறகுதான் ஊற்ற வேண்டும். காக்கிமா வங்காளத்தில் எழுதிக் கொடுத்த விதிகளில் இது ஐந்தாவது. 'சிவப்பு வாளியில் வைக்கவும்' என்று தெளிவாகவே எழுதியிருந்தார். வாளியும் தொட்டியோடு கீழே வந்திருந்தது. நானும் அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

அம்மா வாளியை முகர்ந்து பார்த்தாள். அதோடு அதன் விதி முடிந்தது. "இதுல என்னென்ன மீனக் கழுவினாவளோ, யாருக்குத் தெரியும். உசிருள்ள ஜீவனுக்கு இதுலயா தண்ணி வைக்கது?" என்றாள். வாளி பின்பக்கத்து பால்கனிக்குப் போய், துணி மாட்டும் கிளிப்புகளுக்கு வீடானது. அதற்குப் பதிலாக அம்மா தன் செம்புத் தவலையை எடுத்தாள்.

அந்தத் தவலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கல்யாணத்தில் சீராக வந்தது. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்குக் கல்கத்தாத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. ராத்திரி தவலையில் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால்தான் அது தண்ணீர் என்பாள். லேக் மார்க்கெட்டில் நம் ஊர்க் கடையில் வாங்கிய புளியைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, சாமி விக்கிரகம் மாதிரி அதை மினுக்கி வைத்திருப்பாள். எங்களுக்குச் சளி பிடித்தாலும் வயிறு கெட்டாலும் முதல் மருந்து தவலைத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைத்தான் அம்மா மீன்களுக்குக் கொடுத்தாள். வீட்டிலிருந்த நல்ல தண்ணீர் அது. விருந்தாளிக்குக் கொடுப்பது மாதிரி கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு நத்தை ஓட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. தூங்குகிறது என்று நினைத்தேன். மறுநாள் இன்னொன்று தூங்கியது. அன்றைக்குக் குழாயைக் குலுக்கி ஜன்னலில் பிடித்தபோது மஞ்சளில் லேசாக ஒரு பச்சை. அட்டையைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டப் பிடித்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மஞ்சள் என்றார். பிறகு பச்சை என்றார். அரை என்று நோட்டில் எழுதினேன். ஆறு வருட நோட்டில் பூஜ்யமில்லாத முதல் அமோனியா. என் கையெழுத்தில் இருந்தது அது.

ஏழு மணிக்குப் போன் வந்தபோது அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன். காக்கு கேட்டார். என் வாய் தானாகவே "அமோனியா ஜீரோ" என்றது. அவர் "ஜீரோ" என்று உரக்கச் சொன்னார். பின்னால் "ஆச்சா" கேட்டது. போனை வைத்த பிறகு என் காது இரண்டும் சுட்டன. ஆனால் நோட்டில் மாற்றி எழுதக் கை வரவில்லை. காக்குவிடம் பொய் சொல்லிவிடலாம் போலிருந்தது. அந்த நோட்டிடம் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அமோனியா ஏறினால் உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும் என்பது ஏழாவது விதி. மாற்றினோம். அம்மா தவலையை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்து, பளிச்சென்று ஆக்கி, தண்ணீர் பிடித்து வைத்தாள். மறுநாள் இரண்டு நியான் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. அவற்றின் நீலக் கோடு அணைந்துபோயிருந்தது. அமோனியா ஒன்று. மறுபடி தண்ணீர் மாற்றினோம். மூன்றாவது நத்தையும் போயிற்று. இன்னும் இரண்டு மீன்கள். அமோனியா இரண்டு. நாங்கள் பயப்படப் பயப்படத் தண்ணீர் மாற்றினோம். மாற்ற மாற்ற மீன்கள் செத்தன. அம்மா தவலையைத் தேய்த்த தேய்ப்பில் வீட்டில் புளியே தீர்ந்துவிட்டது.

அந்த வாரம் நான் பள்ளியில் எதையும் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் எழுப்பி விட்டால் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். மாடிப்படி ஏறும்போதே மனதுக்குள் எண்ணிக்கொண்டு வருவேன்: எட்டு இருக்க வேண்டும், எட்டு இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் ஆறு இருக்கும். அம்மா செத்த மீன்களைத் தன் கையால் தொட்டு எடுக்கமாட்டாள். அப்பா காகிதத்தில் சுருட்டிக் கீழே முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து குளிப்பார். தெரிந்தவர் வீட்டுத் துக்கத்துக்குப் போய்வந்த மாதிரி அம்மா அவருக்கு வாசலிலேயே தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். ஏழு மணிக்கு மட்டும் எல்லாம் பூஜ்யம்.

அப்பாவுக்கு என் பொய் தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். ஒருநாள் நான் போனில் சொல்லும்போது அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்குச் சொல்லிருவோம் பிள்ளே, நல்லதா ஒரு சேதியோட சேத்துச் சொல்லிருவோம்" என்றார். நல்ல சேதி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கல்கத்தாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கலிஃப் ஸ்ட்ரீட்டில் மீன் சந்தை கூடும். வளர்க்கிற மீன். அப்பா ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொள்ள, நான் நீல நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, மெட்ரோ ஏறி ஷியாம்பஜாரில் இறங்கி நடந்தோம். தெரு முழுக்க ப்ளாஸ்டிக் பைகளில் மீன்கள் தொங்கின. மூன்று கடைக்காரர்கள் மூன்று மருந்து சொன்னார்கள். நான்காவது ஆள் நரைத்த மீசைக்காரர், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மருந்து சொல்லவில்லை. நோட்டை வாங்கிப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். யார் எழுதியது என்று கேட்டார். பழைய பக்கங்கள் காக்கிமா எழுதியவை, கடைசிப் பக்கம் நான் எழுதியது என்றேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார். நத்தை செத்த தேதியையும் நான் ஓரத்தில் குறித்திருந்தேன்.

அமோனியா நத்தையைக் கொல்லவில்லை, நத்தை செத்து அழுகியதால்தான் அமோனியா ஏறியிருக்கிறது என்றார் அவர். நத்தையைக் கொன்றது வேறு எதுவோ. பிறகு அப்பாவைப் பார்த்து, புதுத் தண்ணீரை எதில் பிடித்து வைக்கிறீர்கள் என்று கேட்டார்.

அப்பா முகம் மலர்ந்து செம்புத் தவலையைப் பற்றிச் சொன்னார். புளி போட்டுத் தேய்ப்பதையும் விடவில்லை. நாங்களே அதைத்தான் குடிக்கிறோம் என்று வேறு சேர்த்துக்கொண்டார். கடைக்காரர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். தொட்டியில் நத்தை பெருகித் தொல்லை கொடுத்தால் அவற்றைக் கொல்வதற்கென்றே செம்பு கலந்த மருந்து இருக்கிறதாம். மனிதர்களுக்கு ஒன்றும் ஆகாது. மீனுக்கும் நத்தைக்கும் அது விஷம். தேய்த்துப் பளபளவென்று வைத்தால் இன்னும் அதிகமாகத் தண்ணீரில் இறங்கும். எங்கள் பெட்டியிலிருந்த எந்தப் புட்டிக்கும் செம்பைக் காட்டத் தெரியாது. அத்தனை நாளும் நான் ஜன்னலில் நின்று, இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

செம்பை உறிஞ்சும் கரித்துண்டுகள் ஒரு பொட்டலம் கொடுத்து, ப்ளாஸ்டிக் வாளியில் வைத்த தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னார். திரும்பும்போது மெட்ரோவில் எனக்கு அம்மாவை நினைத்துப் பயமாக இருந்தது.

அப்பா சமையலறை வாசலில் நின்று சொன்னார். அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு தவலையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்ல தண்ணின்னு நெனச்சுல்லா குடுத்தேன்" என்றாள். "முட்டையக்கூட ஒடைக்காத கையிட்டீ இது." அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. அம்மா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் வயிற்றில் இருந்த கல் இன்னும் பெரிதானது. சாயங்காலம் அவளே எழுந்து பால்கனிக்குப் போய், கிளிப்புகளைக் கொட்டிவிட்டுச் சிவப்பு வாளியை எடுத்து வந்து, மூக்கைச் சுளிக்காமல் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தாள். தொட்டியில் அப்போது பொரோபாபுவும் மூன்று நியான் மீன்களும் மட்டும் இருந்தார்கள். பொரோபாபு மூலையில் மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, செவுள் படபடவென்று அடிக்க, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஏழு மணிக்கு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல் சொன்னேன். நத்தை, தவலை, ஒன்பது மீன், இத்தனை நாளாகச் சொன்ன பூஜ்யமெல்லாம் பொய், நிஜம் இரண்டு, இன்றைக்குக்கூட ஒன்று. சொல்லி முடித்து, காக்கிமா திரும்பி வராமல் இருந்துவிடுவாரா என்றும் கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ தமிழில் கூப்பிடுவது மட்டும் கேட்டது. பிறகு காக்கு தாழ்ந்த குரலில், பொரோபாபு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன்.

"இங்கேயும் நம்பர் சரியில்லை, ஷோனா" என்றார் காக்கு, 'தங்கம்' என்று கொஞ்சுகிற வங்காள வார்த்தையில். "இப்ப போனை அவங்ககிட்டக் கொடுக்கறேன். நீ ஜீரோன்னே சொல்லிடு. தினமும் அதையேதான் கேட்டுக்கிட்டிருக்காங்க."

பெரியவர் ஒருவர் என்னைப் பொய் சொல்லச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுப்பதற்குள் போன் கை மாறிவிட்டது. காக்கிமாவின் குரல் தூரத்திலிருந்து வருவது மாதிரி இருந்தது. நான் சொன்னேன். ஏழு புள்ளி நான்கு, பூஜ்யம், பூஜ்யம். சரியாகப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பொரோபாபு என்ன செய்கிறார் என்று கேட்டார். மிதக்கிறார் என்றேன். காக்கிமா சிரித்தார். சிரிக்காத மனுஷியின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று போனில்தான் எனக்குத் தெரிந்தது.

வேலூரிலும் நம்பர் சரியில்லையாம் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். லாட்ஜில் ஒரு மீன் தொட்டி இருப்பதாகவும், காக்கு அங்கேயும் குழாயைக் குலுக்கிக்கொண்டு நிற்பதாகவும் எனக்குள் ஒரு படம் ஓடியது. அம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "வேலூர்ல தண்ணிக் கஷ்டந்தாம்ட்டி, எல்லாருஞ் சொல்லுவாவ" என்றாள்.

அதற்கப்புறம் தினமும் ஏழு மணிக்குக் காக்குவுக்கு நிஜத்தைச் சொல்வேன், காக்கிமாவுக்குப் பூஜ்யத்தைச் சொல்வேன். இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு. நோட்டில் மட்டும் ஒரே கணக்கு. ஒன்று, அரை, கால். ஒருநாள் சாயங்காலம் பச்சை முழுக்க வடிந்து சுத்தமான மஞ்சள் வந்தது. பொரோபாபு மூலையை விட்டு நடுவுக்கு வந்து, பழையபடி ஒரு வேலையும் செய்யாமல் மிதக்க ஆரம்பித்தார். அவர்கள் திரும்பி வருகிற தேதி தெரிந்ததும் அப்பா தனியாகப் போய் ஒன்பது நியான் மீன்கள் வாங்கி வந்தார். ஆக மொத்தம் பன்னிரண்டு. அப்பாவுக்கு அவ்வளவுதான் கெட்டிக்காரத்தனம்.

ஒரு மத்தியானம் டாக்ஸி வந்து நின்றது. காக்கிமா படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். மேலே போகாமல் நேரே எங்கள் கூடத்துக்கு வந்து, தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தின் உப்பல் வற்றியிருந்தது, கழுத்தெலும்பு தெரிந்தது. செக்கப்பில் உடம்பை இளைக்க வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அம்மா காப்பி கொண்டுவந்தாள். காக்கிமாவுக்கு அரை டம்ளர் போதும் என்றார் காக்கு. இனிமேல் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டுமாம். காக்கிமா கண்ணாடிக்கு அருகில் குனிந்து பார்த்தார்.

"ஒன்பது பேர் புதுசு" என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். அம்மாவுக்கு வங்காளம் அரைகுறைதான், இருந்தாலும் இது புரிந்து தலையைக் குனிந்துகொண்டாள். காக்கிமா கையை நீட்டி நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி ஒரு வரியாக விரலை இறக்கினார். அரை. ஒன்று. இரண்டு. இரண்டு. விரல் அங்கே நின்றது.

அந்த நாள் போனில் பூஜ்யம் என்று சொன்னாயே என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "காக்குதான் சொல்லச் சொன்னார்" என்று சொல்லிவிட்டேன். முதல் சில நாள் நானேதான் சொன்னேன் என்பதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

காக்கிமா நோட்டை மூடினார். காக்குவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ என் ரிப்போர்ட்டு? தினமும் அதையும் நீதானே எனக்குப் படிச்சுச் சொன்னே?"

காக்கு மடியிலிருந்த பையின் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அப்பா எழுந்து மின்விசிறியைப் போட்டார், அதற்குத் தேவையே இல்லாத குளிர்காலத்தில். எல்லாம் அந்த 'இரண்டு' என்ற எண்ணால் வந்தது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஓடிப்போய் அட்டைப் பெட்டியை எடுத்து வந்தேன். கோடு வரை தண்ணீர், எட்டுச் சொட்டு, குலுக்கல். ஐந்து நிமிடம் அந்தக் கூடத்தில் ஃபில்டர் கொப்புளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சள், ஒரு துளி பச்சை இல்லாத மஞ்சள்.

"பூஜ்யம் காக்கிமா" என்றேன். "இது நிஜமான பூஜ்யம். நீங்களே பாருங்க."

காக்கிமா குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, என் பேனாவை வாங்கி, அன்றைய வரியைத் தானே எழுதினார். நன்றாகப் பார்த்திருக்கிறாய் என்று என் தலையைத் தொட்டார். திட்டு விழவில்லை, காக்கிமா திரும்பி வந்துவிட்டார், எண் சரியாகிவிட்டது. என் வயிற்றிலிருந்த கல் அந்த நிமிடம் கரைந்தே போயிற்று. குழாயைக் காக்குவிடமும் காட்டலாம் என்று சந்தோஷமாகத் திரும்பினேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். நல்ல எண்தானே வந்திருக்கிறது, இதற்குப் போய் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை சரியாகத் தெரியவில்லையோ என்று நினைத்து, அட்டையையும் குழாயையும் சேர்த்து அவர் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன்.